கதவுக்கு வெளியே நிற்கும் ஊர்



திரைப்படமும் இளமையும் என்ற பொதுப் பொருளில் பேசவேண்டும் என்று இந்த உரைக்கான அழைப்பில் எழுதியிருந்தீர்கள். பல படங்களைத் தொட்டுச் செல்வதைவிட ஒரே படத்தை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணினேன். நான் எடுத்துக்கொண்டது 1998ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று சுவீடனில் வெளியான ‘ஃபக்கிங் ஓமோல்’. தலைப்பில் வசைச்சொல் இருப்பதால் வெளிநாடுகளில் ‘ஷோ மீ லவ்’ என்ற பெயரில் திரையிடப்பட்டது. எழுதி இயக்கியவர் லூகாஸ் மூடிசன். 1969இல் பிறந்தவர்; பதினேழு பதினெட்டு வயதிலேயே கவிதை நூல் வெளியிட்டவர். அவருடைய முதல் முழுநீளப் படம் இது. சுவீடனின் தேசியத் திரைவிருதான குல்ட்பாகே விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகியவற்றுக்கும், இரு நாயகியருக்கும் சேர்த்துச் சிறந்த நடிகைக்குமாக நான்கு விருதுகளைப் பெற்றது. சுவீடனின் பெரும் இயக்குநர் இங்மார் பெரிமன் மனம்திறந்து பாராட்டிய படம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓமோல் என்ற சிற்றூர். ஆக்னெஸுக்குப் பதினாறு வயது பிறக்கப்போகிறது. வேறு ஊரிலிருந்து குடிவந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியும் பள்ளியில் அவளுக்குத் துணை என்று யாரும் இல்லை. எலின் என்ற பதினான்கு வயதுப் பெண்ணை அவள் காதலிக்கிறாள். எலின் அழகி, எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பெண், அந்த ஊரில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பவள். ஆக்னெஸின் பிறந்தநாள் இரவில், அக்கா யெசிக்காவுடன் போட்ட பந்தயத்துக்காக எலின் அவளை முத்தமிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறாள். அங்கே தொடங்குகிறது கதை. விளையாட்டாகச் செய்தது எலினுக்குள் வினையாக முளைக்கிறது. தானும் ஆக்னெஸை நேசிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் பயம் வருகிறது. பயத்தில் அவள் ஆக்னெஸைக் கண்டும் காணாததுபோல் நடந்துகொள்கிறாள். யொஹான் என்ற பையனோடு பழகத் தொடங்குகிறாள். கடைசியில் பயத்தை உதறுகிறாள்.

இதைக் காதல் படம் என்றே உலகம் கொண்டாடியது. அது சரிதான். ஆனால் இந்தப் படம் நமக்குச் சொல்லும் முதன்மையான செய்தி வேறொன்று என்பது என் கருத்து. எல்லோரும் ஒரேமாதிரி இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை ஊரில் யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியை இது எழுப்புகிறது. தேடிப்பார்த்தால் வில்லன் யாருமில்லை. ஒவ்வொருவரும் தன் இடம் பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில் பக்கத்திலிருப்பவரைக் கண்காணிக்கிறார். காதலிக்கும் இரண்டு பெண்களால் அந்த அச்சம் வெளியே தெரியவருகிறது, அவ்வளவுதான். இதுவே இன்றைய உரையின் மையம்.

சட்டம் வந்த பின்னும்

முதலில் காலத்தையும் இடத்தையும் பார்ப்போம். ஓமோல் உண்மையான ஊர். சுவீடனின் மேற்கே டால்ஸ்லாந்து வட்டாரத்தில், அந்த நாட்டின் மிகப்பெரிய ஏரியான வேனர்னின் கரையில் இருக்கிறது. 1643இல் கிறிஸ்டினா அரசியின் காலத்தில் நகரத் தகுதி பெற்றது. இன்று நகராட்சி முழுவதற்குமே மக்கள்தொகை சுமார் 12,000. படப்பிடிப்பு அங்கே நடக்கவில்லை. தெற்கே உள்ள ட்ரோல்ஹெத்தானில் நடந்தது. எந்தச் சிற்றூரையும் ஓமோல் என்று காட்டிவிட முடியும் என்பதே ஒரு செய்திதான்.

சுவீடன் தன்பாலின உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது 1944இல். எதிர்பாலினத்தாருக்கும் தன்பாலினத்தாருக்கும் சம்மத வயது ஒன்றாக்கப்பட்டது 1978இல். தன்பாலின ஈர்ப்பு நோயாகப் பட்டியலிடப்பட்டிருந்ததை எதிர்த்து 1979இல் செயற்பாட்டாளர்கள் தேசிய சுகாதார வாரியத்தின் மாடிப்படிகளில் அமர்ந்து போராடினார்கள். அதே ஆண்டு நோய்ப்பட்டியலிலிருந்தும் அது எடுக்கப்பட்டது. 1995 சனவரி முதல் தன்பாலினத்தார் தங்கள் இணைவாழ்வைப் பதிவுசெய்துகொள்ளச் சட்டம் இடம்தந்தது. படம் வெளியான 1998 கோடையில் ஐரோப்பா முழுமைக்குமான யூரோப்ரைட் விழா ஸ்டாக்ஹோமில் நடந்தது.

அதாவது, ஆக்னெஸ் தன் கணினியில் எலினின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு எதிராகச் சட்டம் எதுவும் இல்லை. அவள் குற்றவாளியும் அல்ல, நோயாளியும் அல்ல. வளர்ந்தபின் தனக்குப் பிடித்த பெண்ணோடு இணைவாழ்வைப் பதிவுசெய்துகொள்ளவும் நாடு வழி வைத்திருந்தது. அப்படியிருந்தும் பள்ளி நடைவழியில் அவள் தலைகுனிந்து நடக்கிறாள். சக மாணவிகள் அவளைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். ‘லெஸ்பியன்’ என்பது அங்கே வசவாகவே புழங்குகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாராளுமன்றம் படிப்படியாகக் கொடுத்துவந்ததை அந்த நடைவழி அரை நொடியில் பறித்துக்கொள்கிறது.

பிறந்தநாள் இரவில், எலின் மன்னிப்புக் கேட்கத் திரும்பி வந்த பிறகு, இரு பெண்களும் ஸ்டாக்ஹோமுக்கு ஓடிவிடலாம் என்று சாலையில் நின்று கைகாட்டுகிறார்கள். ஒரு கார் நிற்கிறது. அதன் பின்னிருக்கையில்தான் இருவரும் முதன்முறையாக மனமொப்பி முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஓட்டுநர் பார்த்துவிடுகிறார், இறங்கச் சொல்கிறார். அத்தோடு ஸ்டாக்ஹோம் பயணம் முடிந்தது. விழா நடக்கும் தலைநகரம் நாட்டின் வரைபடத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழியில் ஒரு சாதாரண மனிதரின் முகச்சுளிப்பு குறுக்கே நிற்கிறது. தண்டிக்கக் கூடாது என்று அரசை நாம் தடுக்கலாம். முகம் சுளிக்கக் கூடாது என்று அண்டை வீட்டாருக்கு ஆணையிட முடியாது. அங்கேதான் கலைக்கு வேலை வருகிறது.

புகழ்பெற்றவளின் சிறை

இத்தகைய கதைகளில் ஒதுக்கப்பட்டவரே நடுவில் நிற்பது வழக்கம். மூடிசன் நடுவில் இருவரை வைத்தார். ஆக்னெஸின் தனிமைக்குக் கொடுத்த அதே கவனத்தை எலினின் அலுப்புக்கும் கொடுத்தார். படத்தின் அறிவு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எலின் ஒரு பத்திரிகையைப் புரட்டுகிறாள். எது இப்போது நடப்பு, எது போய்விட்டது என்று சொல்லும் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. ‘ரேவ்’ எனப்படும் இரவு நடன விருந்துகள் போய்விட்டவற்றில் சேர்ந்துவிட்டன. அவள் வெடிக்கிறாள். தன் ஊருக்கு ஒரு விஷயம் வந்துசேர்வதற்குள் உலகம் அதைக் கடந்து போய்விடுகிறது என்பது அவள் ஆத்திரம். படத்தின் தலைப்பிலுள்ள வசை அங்கேதான் பிறக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. எதற்கு ஆசைப்படவேண்டும் என்பதையும் எங்கோ தொலைவிலிருக்கும் யாரோ தீர்மானித்து அனுப்புகிறார்கள்; அதுவும் தாமதமாக வருகிறது.

அவளுடைய பெரிய பயம் எது? வளர்ந்து, இதே ஊரில் வீடு, கார், குழந்தைகள் என்று அமைந்து, கடைசியில் கணவன் இளையவள் ஒருத்தியோடு போய்விட, தான் அங்கேயே தங்கிப்போவது. பதினான்கு வயதுப் பெண் தன் நாற்பதாவது வயதை இப்போதே பார்த்துவிட்டாள். அவளுடைய தாய் தனியாளாக இரவுநேர வேலை பார்த்து இரண்டு பெண்களை வளர்ப்பவர். வார இறுதியில் தொலைக்காட்சியில் வரும் பிங்கோலோட்டோ குலுக்கல் நிகழ்ச்சிதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தத் தாயைப் படம் ஏளனம் செய்யவில்லை. களைத்துப்போன நல்ல மனுஷியாகவே காட்டுகிறது. அதனால்தான் எலினின் பயம் நமக்குள் ஆழமாக இறங்குகிறது. கெட்டவர்களைப்போல் ஆகிவிடுவோமோ என்று அவள் அஞ்சவில்லை. நல்லவர்களே இப்படித்தான் முடிந்துபோகிறார்கள் என்பதைக் கண்டு அஞ்சுகிறாள்.

இன்னொரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். யெசிக்காவின் காதலன் மார்குஸ் கைப்பேசி வைத்திருக்கிறான். 1998இல் அது பையன்களிடையே பெருமைக்குரிய பொருள். பேச்சு எங்கெங்கோ போய், இயந்திரம், தொழில்நுட்பம் என்றால் ஆண்களுக்குத்தான் வரும், பெண்களுக்கு அலங்காரம் வரும் என்று அவன் சொல்கிறான். எலினுக்குப் பொறுக்கவில்லை. அவள் மார்குஸோடு சண்டைக்குப் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் யொஹானின் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். யொஹான் நல்ல பையன். எலின்மீது உயிரையே வைத்திருப்பவன். அவன் தயங்குகிறான்; பிறகு மார்குஸ் சொல்வதே சரி என்கிறான்.

அந்த நொடியில் எலினின் மனத்தில் யொஹானுக்கு இடமில்லாமல் போகிறது. ஆணாதிக்கக் கருத்தைச் சொன்னதற்காக அவள் அவனை விலக்கினாள் என்று மட்டும் கொள்வது போதாது. அவனிடம் சொல்வதற்குக் கருத்தே இல்லை. நண்பனின் முகத்தைப் பார்த்து அவன் தன் பதிலைத் தேர்ந்தெடுத்தான். அவள் யாரைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அங்கே நமக்கு விளங்கிவிடுகிறது. தானாக ஒன்றை நினைத்து, அதைத் தன் வாயால் சொல்லக்கூடிய ஒரே ஒரு மனிதர். அந்த ஊரில் அப்படி ஒருத்தி இருக்கிறாள்; யாரும் பேசாத ஆக்னெஸ். எலினின் காதலுக்கு ஆக்னெஸ் பெண் என்பது மட்டும் காரணமல்ல. அவள் தனக்கென்று ஒரு மனம் உள்ளவள் என்பதும் காரணம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் இந்த ஒத்துப்போதலுக்கு நெடிய இலக்கிய மரபு உண்டு. டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் எழுதிய ஆக்செல் சாண்டமூசே 1933இல் வெளியிட்ட நாவலில் ‘யாந்தே’ என்ற கற்பனைச் சிற்றூரைப் படைத்தார். அந்த ஊருக்குப் பத்துக் கட்டளைகள். எல்லாவற்றின் சாரமும் ஒன்றே: எங்களைவிட நீ உயர்ந்தவன் என்றோ வேறானவன் என்றோ எண்ணிவிடாதே. இன்றும் அந்த நாடுகளில் ‘யாந்தே சட்டம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். அதற்கு நல்ல முகமும் உண்டு. செல்வத்தைக் காட்டிப் பெருமையடிக்காத, ஏறத்தாழ எல்லோரையும் சமமாக நடத்தும் சமூகம் உருவாவதற்கு அந்த மனப்பான்மையும் துணைநின்றிருக்கும். ஆனால் சமம் என்பது ஒரே அச்சு என்று ஆகிவிட்டால் அதன் பாரம் யார் தலையில் இறங்கும் என்பதை மூடிசன் காட்டுகிறார்.

அடிபட்டவள் அடிக்கும் இடம்

இந்தப் படத்தில் பார்ப்பதற்குக் கடினமான காட்சி ஆக்னெஸின் பிறந்தநாள் விருந்து. விருந்து வேண்டாம் என்று அவள் கெஞ்சுகிறாள். பெற்றோர் ஆசையாகச் சமைத்து, மேசையை அலங்கரித்துக் காத்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. பிறகு அழைப்பு மணி அடிக்கிறது. வந்தவள் விக்டோரியா. சக்கர நாற்காலியில் வரும் வகுப்புத்தோழி. ஆக்னெஸைப் போலவே துணையற்றவள். கையில் பரிசாக வாசனைத் திரவியப் புட்டி.

ஆக்னெஸ் அவளைக் கொடிய வார்த்தைகளால் குத்துகிறாள். பரிசைப் பழிக்கிறாள். வேறு கதியில்லாததால்தான் நாம் தோழிகளாக இருக்கிறோம் என்று பெற்றோரின் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறாள். விக்டோரியா கலங்கிப்போய்த் திரும்புகிறாள்.

நம் கதாநாயகியை இயக்குநர் ஏன் இப்படிக் காட்டவேண்டும்? பரிதாபத்தை மட்டும் சம்பாதித்துத் தருவது எளிது. மூடிசன் அந்த எளிய வழியில் போகவில்லை. யார் யாரோடு சேர்வது, யாரோடு சேர்ந்து காணப்பட்டால் இழிவு என்று ஊர் வகுத்த படிநிலை ஆக்னெஸின் மனத்துக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது. அவள் அதன் அடிப்படியில் நிற்கிறாள். தனக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று கண்டவுடன் மிதிக்கிறாள். ஒடுக்கப்படுவதால் மட்டும் யாரும் நல்லவராகிவிடுவதில்லை. சாதியைப் பற்றிச் சிந்திக்கும் நம் சமூகத்தில் இதைப் புரியவைக்க விளக்கம் தேவையில்லை என்று நம்புகிறேன்.

அன்றிரவு, எலினின் பந்தய முத்தத்துக்கும் சிரிப்புக்கும் பிறகு, ஆக்னெஸ் தன் உயிருக்கே தீங்கு செய்துகொள்ளும் நிலைக்குப் போய்விடுகிறாள். படம் அதை மிகைப்படுத்தவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. மன்னிப்புக் கேட்கத் திரும்பி வரும் எலினின் வருகை அதை நிறுத்துகிறது. ஒரு மனிதர் திரும்பி வந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகள்

இந்த அவையில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்காக இரண்டு காட்சிகள்.

ஒன்று, ஆக்னெஸின் தாய். மகளின் கணினியில் இருக்கும் அந்தரங்கக் குறிப்புகளை அவர் படித்துவிடுகிறார். அன்பினால்தான் படிக்கிறார்; மகளுக்கு என்னவோ நடக்கிறது என்ற பதற்றம். ஆனால் மகள் தன் நேரத்தில், தன் சொற்களில் சொல்லியிருக்கவேண்டியதை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். தெரிந்துகொண்ட பிறகு அவருக்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு, தந்தை. ஊலோஃப் பாசமுள்ள, கொஞ்சம் சங்கோசமான மனிதர். மகளின் தனிமையைக் கண்டு தவிக்கிறார். பள்ளியில் புகழோடு திரிந்தவர்கள் பிற்காலத்தில் அப்படியே இருப்பதில்லை, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் எல்லாம் மாறியிருக்கும் என்ற பொருளில் ஆறுதல் சொல்கிறார். உண்மையான, அனுபவத்தில் விளைந்த ஆறுதல். ஆக்னெஸ் அதை ஏற்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அல்ல, இப்போதே மகிழ்ச்சியாக இருக்க விரும்புகிறேன் என்கிறாள்.

இந்தப் பதிலுக்காகவே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லலாம். பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளுக்குத் தரும் ஆறுதல்களில் பெரும்பாலானவை எதிர்காலத்தின் பேரில் எழுதப்பட்டவை. படித்து முடி, வேலைக்குப் போ, பெரிய நகரத்துக்குப் போ, பிறகு உன் விருப்பம். பதினாறு வயதில் ஒரு நாள் என்பது நமக்கு இருக்கும் ஒரு நாள் அல்ல. மதிய உணவு இடைவேளையில் யாரோடு உட்கார்வது என்ற கேள்விதான் அவர்களுடைய உலகம். அந்தக் கேள்விக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் பதில் எதற்கு? தந்தையின் அன்பை நான் குறைசொல்லவில்லை. அன்பு மட்டும் இருந்தால் போதாது, அது இன்றைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி.

கதவு திறக்கும் காட்சி

தன்பாலினக் காதலைச் சொன்ன படங்கள் நெடுங்காலம் எப்படி முடிந்தன என்பதை நினைவுபடுத்திக்கொண்டால்தான் இந்தப் படத்தின் முடிவு எவ்வளவு துணிச்சலானது என்று தெரியும். 1931இல் லியோந்தீன் சாகன் இயக்கிய ஜெர்மன் படம் ‘மேட்ஷன் இன் ஊனிஃபோர்ம்’. விடுதிப் பள்ளியில் ஆசிரியையை நேசிக்கும் மாணவி மானுவேலா சாவின் விளிம்புவரை போகிறாள். சக மாணவிகள் ஓடிவந்து காப்பாற்றுகிறார்கள். அந்தப் படத்துக்கு மூலமான கிறிஸ்டா வின்ஸ்லோவின் நாடகத்தில் அவள் இறந்துவிடுகிறாள். 1961இல் வில்லியம் வைலர் எடுத்த ‘தி சில்ட்ரன்ஸ் ஹவர்’ படத்தில், தன் தோழியை நேசிப்பதாக ஒப்புக்கொள்ளும் ஆசிரியை தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். விட்டோ ருஸ்ஸோ 1981இல் எழுதிய ‘தி செல்லுலாய்ட் க்ளோசெட்’ ஹாலிவுட் படங்களில் இத்தகைய பாத்திரங்களுக்கு நேர்ந்த கதியை ஆராய்ந்த நூல். பிந்தைய பதிப்பில் அவர்கள் எப்படி எப்படிச் செத்தார்கள் என்ற பட்டியலையே அவர் சேர்த்தார். இரக்கத்தோடு எடுக்கப்பட்ட படங்களிலும் சாவு இருந்தது. இரக்கப்பட வேண்டுமென்றால் இவர்கள் சாகவேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது.

மூடிசன் அந்த விதியை உடைத்த இடம் பள்ளிக் கழிவறை. எலின் ஆக்னெஸை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிடுகிறாள்; பேசவேண்டும் என்கிறாள்; தன் காதலைச் சொல்கிறாள். வெளியே ஒருத்தி வந்து கதவைத் தட்டுகிறாள். பிறகு இன்னொருத்தி. எலின் யாரோ பையனோடு உள்ளே இருக்கிறாள் என்று பேச்சுப் பரவுகிறது, கூட்டம் சேர்கிறது. அக்கா யெசிக்கா வருகிறாள், யொஹான் வருகிறான். கதவு இடிபடுகிறது. அந்தச் சின்ன இடத்தில் ஒளிப்பதிவாளர் உல்ஃப் பிரான்டோஸின் கேமரா இரண்டு முகங்களையும் மிக அருகில் பிடித்துவைத்திருக்கிறது. படம் முழுக்கவே கையில் பிடித்த கேமராவின் அதிர்வும், முகங்களை நோக்கித் திடீரென்று நெருங்கும் ஜூமும், சொரசொரப்பான பிம்பமும் உண்டு; விளம்பரப் படத்தின் பளபளப்பு மருந்துக்கும் இல்லை. நாமும் உள்ளே மாட்டிக்கொண்டோம் என்றே தோன்றும்.

வெளியே நிற்பவர்களைக் கவனியுங்கள். அவர்களில் யாரும் கொடியவர்கள் இல்லை. ஒவ்வொருவரையும் நாம் முன்பே சந்தித்திருக்கிறோம். சிலரை விரும்பியும் இருக்கிறோம். தனித்தனியாக எடுத்தால் எலினின் உறவும் நட்பும். சேர்ந்து நின்றால் ஊர். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நாம் பயப்படுகிறோமே, இன்னொருவரின் கண்ணுக்கு நாமே அந்த நாலு பேர்தான்.

கதவு திறக்கிறது. எலின் ஆக்னெஸைத் தன் காதலி என்று அறிவித்துவிட்டு, வழிவிடச் சொல்லி, அவளோடு நடந்துபோகிறாள். வானம் இடிந்து விழவில்லை. கூட்டம் வாயடைத்து நிற்கிறது. நடந்துபோகிறவர்களைத் தடுத்துநிறுத்த அந்தக் கூட்டத்திடம் எதுவுமே இல்லை என்பது நமக்குத் தெரிகிறது. முதன்முறையாக அவர்களுக்கும் தெரிகிறது.

இதற்குப் பிறகு வரும் இறுதிக் காட்சியில் பெரிய முழக்கம் ஒன்றும் இல்லை. எலினின் வீட்டில் இருவரும் சாக்லெட் பால் குடிக்கிறார்கள். தான் எப்போதும் சாக்லெட் பொடியை அதிகமாகப் போட்டுவிடுவதையும், அதைச் சரிசெய்யப் பாலை ஊற்றிக்கொண்டே போவதையும், அதனால் அக்காவுக்குக் கோபம் வருவதையும் எலின் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போகட்டும், அதனால் ஒன்றுமில்லை என்று முடிக்கிறாள். காதல் வென்ற பிறகு இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு, சாதாரணமாக இருக்கும் உரிமை. மற்ற பதின்வயதினர் கேட்காமலேயே பெறுவது அது.

மூன்று மறுப்புகள்

இந்த முடிவு மிக எளிதாக வந்துவிட்டது என்று சொல்வாருண்டு. மறுநாள் பள்ளியில் என்ன நடக்கும்? படம் சொல்லவில்லை. நியாயமான குறைதான். ஆனால் கதவைத் திறந்தவள் யார் என்று பாருங்கள். ஊரில் மதிப்புள்ளவள் எலின். அவளிடம் செலவழிக்கப் பெயரும் புகழும் இருந்தன. அவள் அதைச் செலவழித்தாள். ஆக்னெஸ் தனியாகத் திறந்திருந்தால் அது இன்னொரு அவமானமாக முடிந்திருக்கலாம். துணிவு என்பதைக் கடைசிப் படியில் இருப்பவரிடமே எதிர்பார்ப்பது நம் வழக்கம். மேல்படியில் நிற்பவர் முன்வந்தால் அதற்கு ஆகும் விலை குறைவு, பலன் பெரிது. இதை ஒரு சமூகப் பாடமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை ஊர்க்காரர்களுடையது. தங்கள் ஊரின் பெயரோடு வசைச்சொல்லைச் சேர்த்ததில் ஓமோலின் நகராட்சித் தலைவர்கள் மனம் வருந்தினார்கள். தலைப்பை மாற்றச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுடைய வருத்தமும் உண்மையானதே. உழைத்து உருவாக்கிய ஊர், ஏரிக்கரை, முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமை. எல்லாவற்றையும் மீறி உலகம் ஒரு திட்டுச் சொல்லோடு தங்களை அறிவதா? ஆயினும் பிறர் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற அதே கவலை ஒரு ஊருக்கும் இருக்கிறது என்பதை அந்த வருத்தம் காட்டியது. படம் அந்த ஊரை வெறுக்கவில்லை. அங்கே வாழ்பவர்களை அக்கறையோடு, முகம் முகமாகப் பார்க்கிறது.

மூன்றாவது, அது சுவீடன், நமக்கென்ன என்ற கேள்வி. இதற்கு நீண்ட பதில் வேண்டாம். 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோரின் மனமொத்த தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் விரிவான ஆணை பிறப்பித்தார். தமக்கு இந்தப் பொருளில் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் அறிஞரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு எழுதிய ஆணை அது. காவல்துறை, நீதித்துறை ஆகியவற்றோடு பள்ளி, கல்லூரி, பெற்றோர் ஆசிரியர் கழகம்வரை விழிப்புணர்வு போய்ச் சேரவேண்டும் என்று அதில் சொன்னார். சுவீடனுக்குச் சட்டம் முதலில் வந்தது, நடைவழி பின்தங்கியது. நாமும் அதே இடைவெளியில்தான் இப்போது நிற்கிறோம்.

முடிவாக

எனவே நண்பர்களே, இந்த உரையிலிருந்து மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள், சொல்லும்போது அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீட்டை இன்றே ஆக்குங்கள். மற்ற யாரைப் பற்றியோ சாப்பாட்டு வேளையில் நீங்கள் சொல்லும் ஏளன வார்த்தையை உங்கள் பிள்ளை தனக்கான தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு: இந்தப் படத்தில் ஆசிரியர்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். இவ்வளவும் ஒரு பள்ளியைச் சுற்றி நடக்கிறது. ஆசிரியர்கள் ஏறக்குறைய எங்குமே குறுக்கிடவில்லை. இயக்குநர் அவர்களைக் கண்டிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் உலகில் அவர்கள் இல்லாததைப் பதிவுசெய்கிறார், அவ்வளவே. நம் வகுப்பறைகளில் ஒரு பெயர் வசவாக வீசப்படும்போது அதைக் கேட்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருப்பதே பெரிய தொடக்கம்.

மாணவர்களுக்கு: உங்களில் சிலர் ஆக்னெஸாக இருக்கலாம். உங்களிடம் குறை எதுவும் இல்லை. நீங்கள் காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. மனம் தாங்காதபோது நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே பேசுங்கள். உங்களில் நிறையப்பேர் எலினைப்போலப் பலருக்கும் பிடித்தவர்களாக இருக்கலாம். உங்கள் செல்வாக்கை யாருக்காகச் செலவழிக்கப்போகிறீர்கள் என்று இப்போதே தீர்மானியுங்கள். ஆனால் நம்மில் மிகப்பெரும்பாலோர் கதவுக்கு வெளியே கூடி நிற்பவர்கள். அந்த இடமும் நாம் தேர்ந்தெடுப்பதுதான். தட்டாமல் இருக்கலாம். தட்டுகிறவரின் கையைப் பிடிக்கலாம். வெளியே வருபவர்களுக்கு வழிவிட்டு, மறுநாள் மதிய உணவுக்கு நம் பக்கத்தில் இடம் போட்டுவைக்கலாம். ஊர் என்பது நாம்தான் என்றால், ஊரை மாற்றும் வேலையை நாளைக்குத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.